துப்பாக்கியைத் திருப்பி வாங்கும் அரசு, நம்பாத மக்கள்

2025 செப்டம்பரில் கனடாவில் ஒரு ஒலிப்பதிவு கசிந்தது. பேசியவர் அந்நாட்டுப் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கேரி ஆனந்தசங்கரி. தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் வீ. ஆனந்தசங்கரியின் மகன், இலங்கையில் பிறந்து, சிறுவயதில் கனடா சென்று, தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினரானவர். தடை செய்யப்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து பணம் கொடுத்துத் திருப்பி வாங்கும் திட்டம் அவருடைய அமைச்சின் கீழ்தான் வருகிறது. தன் வீட்டில் வாடகைக்கு இருந்தவருடன் பேசும்போது, உள்ளூர்க் காவல் துறைகளுக்கு இதைச் செய்து முடிக்கும் ஆள்பலம் இருப்பதாகத் தெரியவில்லை என்றார். முடித்துக் கொடுக்கச் சொல்லிப் பிரதமர் தந்த வேலை இது என்றும், கியூபெக் மாநிலத்தின் மனநிலை வேறு என்றும் பேச்சு போனது. பதிவு வெளியானதும், அப்படிப் பேசியது தவறு, திட்டத்தை முழுமையாக ஆதரிக்கிறேன் என்று விளக்கம் கொடுத்தார்.

திட்டத்தை எதிர்ப்பவர்களுக்கு அது வெல்லப்பாகு. அமைச்சருக்கே நம்பிக்கை இல்லையென்றால் நாங்கள் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டார்கள். ஆனால் அந்தப் பேச்சில் அமைச்சர் தொட்டுச் சென்றவை வேறு வேறு சந்தேகங்கள். அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த விவாதம் எந்த நாட்டிலும் முடிவதில்லை. இதனால் குற்றம் குறையுமா என்பது ஒரு கேள்வி. அரசால் இதை நடத்த முடியுமா என்பது வேறொன்று. பெயரையும் முகவரியையும் கொடுத்தால் நாளைக்கு என்ன ஆகும் என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் திட்டத்தை வடிவமைக்கும் முறையிலேயே பதில் இருக்கிறது. பெரும்பாலான அரசுகள் கோட்டை விடுவதும் அங்கேதான்.

பைபேக் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இரண்டு வகை. முதல் வகையில் சட்டம் எதையும் தடை செய்வதில்லை. ஒரு நகராட்சியோ காவல் துறையோ சனிக்கிழமை காலையில் தேவாலய வாசலில் மேசை போட்டு, யார் துப்பாக்கி கொண்டுவந்தாலும் கேள்வி கேட்காமல் ஐம்பது, நூறு, இருநூறு டாலர் தருகிறது. அமெரிக்காவில் நடப்பது இதுதான். 1974இல் பால்டிமோர் காவல் துறை துப்பாக்கிக்கு 50 டாலர் கொடுத்து இரண்டே மாதத்தில் 13,000க்கு மேல் வாங்கிக் குவித்தது. துப்பாக்கிக் கொலைகள் குறையவில்லை. 2004இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வுக் குழு, இத்தகைய திட்டங்களின் அடிப்படைக் கருத்தே பழுதானது என்று எழுதிவிட்டது.

காரணம் விலையில் இருக்கிறது. எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே விலை என்றால், அந்த விலைக்குக் கீழே போகும் துப்பாக்கிகள்தான் வரும். தாத்தா விட்டுப்போன, சுருள்வில் இற்ற பழைய ரிவால்வர், பரணில் துருப்பிடித்த ஒற்றைக்குழல், இவைதான் மேசைக்கு வருகின்றன. 800 டாலர் பெறுமான பிஸ்டலை இடுப்பில் வைத்திருக்கும் இளைஞன் 100 டாலருக்காக அங்கே போகமாட்டான். போனாலும், வாங்கிய பணத்தோடு மறுநாள் கடைக்குப் போய் வேறொன்று வாங்க அவனுக்குத் தடையில்லை. 2022 ஜூலையில் ஹூஸ்டன் நகரில் ஒருவர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அடித்த 62 பிளாஸ்டிக் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து தலைக்கு 50 டாலர் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதமே நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் இன்னொருவர் அதே இயந்திரத்தில் அடித்த 110 உதிரிப் பாகங்களைக் கொடுத்து 21,000 டாலருக்குப் பரிசு அட்டைகளோடு வீடு திரும்பினார். அதன் பிறகுதான் அச்சடித்தவற்றுக்கு விலை வெட்டும் விதிகள் வந்தன. வாங்கியதை அழிப்பதிலும் ஓட்டை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி வரிசை எண் பொறித்த ரிசீவர் என்ற உடல்பகுதி ஒன்றை வெட்டினாலே துப்பாக்கி அழிந்ததாகக் கணக்கு. குழல், சிலைடு, விசைப் பகுதி முதலியவற்றை, இலவசமாக அழித்துத் தருகிறோம் என்று சொல்லும் தனியார் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டு உதிரித் தொகுப்பாக விற்றுவந்தது 2023 இறுதியில் பத்திரிகைகளில் வெளிவந்தது. இந்த வகையை நம்பாதவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது வகைதான் ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுடையது. அங்கே முதலில் வருவது தடைச் சட்டம். குறிப்பிட்ட வகைத் துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றமாகிறது. நேற்றுவரை சட்டப்படி வாங்கி வைத்திருந்தவருக்கு அரசு நஷ்டஈடு தருகிறது. கனடா அரசு இதைத் தன்னார்வத் திட்டம் என்கிறது. பணம் கேட்டு விண்ணப்பிப்பது மட்டும்தான் தன்னார்வம். வைத்திருந்தாலும் தண்டனை இல்லாத பொதுமன்னிப்புக் காலம் முடியுமுன் துப்பாக்கியைக் கைவிடுவது கட்டாயம். ஒரு திட்டத்துக்கு இப்படி அரைகுறையாகப் பெயர் வைத்தாலே பாதி நம்பிக்கை போய்விடும்.

ஆஸ்திரேலியாவை எல்லோரும் உதாரணம் காட்டுவதால் அதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1996 ஏப்ரல் 28இல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டே நாளில், மே 10 அன்று, பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசும் எல்லா மாநிலங்களும் ஒரே ஒப்பந்தத்துக்கு வந்தன. தனியார் சொத்தை எடுத்தால் நியாயமான விலை தர வேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்பு சொல்கிறது. எனவே வருமான வரியோடு வாங்கும் மெடிகேர் என்ற பொது மருத்துவக் காப்பீட்டு வரியை ஓராண்டுக்கு மட்டும் 0.2 விழுக்காடு ஏற்றிப் பணம் திரட்டினார்கள். 1996 அக்டோபரிலிருந்து ஓராண்டில் சுமார் 6,50,000 துப்பாக்கிகள் வந்தன. நஷ்டஈடு 30 கோடி டாலருக்குச் சற்று மேல். அங்கும் எதிர்ப்பு இருந்தது. விக்டோரியாவின் சேல் நகரில் துப்பாக்கி உரிமையாளர்கள் கூட்டத்தில் ஹோவர்ட் கோட்டுக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்து பேசிய படம் இன்றும் சுற்றுகிறது. ஆனால் சட்டம், பணம், மாநிலங்களின் ஒப்புதல் மூன்றும் ஒரே நேரத்தில் கைவசம் இருந்ததால், எதிர்ப்பு ஊறிப் பெருகக் கால அவகாசம் கிடைக்கவில்லை.

பலன் என்ன என்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். துப்பாக்கிச் சாவுகள் 1996க்கு முன்பே இறங்குமுகத்தில் இருந்தன. திட்டத்தால் கொலை விகிதம் தனியாகக் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2007இல் ஒரு ஆய்வு சொன்னது. அதை எழுதிய இருவரும் துப்பாக்கி விளையாட்டு அமைப்புகளோடு தொடர்புள்ளவர்கள். அதிகத் துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்ட மாநிலங்களில் தற்கொலை அதிகம் குறைந்தது என்று 2010இல் ஆண்ட்ரூ லீ, கிறிஸ்டின் நீல் இருவரும் எழுதினார்கள். லீ அதே ஆண்டு தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். இரு தரப்பையும் சார்புக்காக ஒதுக்கிவிட்டுப் படித்தாலும், கொலையைவிடத் தற்கொலை குறைந்ததற்கான சான்று வலுவாக இருக்கிறது. ஆனால் அரசியல்வாதிகள் மேடையில் பேசுவது தற்கொலையைப் பற்றி அல்ல. வாக்குறுதி ஒன்று, கிடைத்த பலன் வேறொன்று. பிறகு ஏன் மக்கள் நம்பவில்லை என்று கேட்பதில் பொருளில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை வாங்கி அழித்ததோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் இன்று 40 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள், 1996இல் இருந்ததைவிட அதிகமாகவே, இருக்கின்றன. வகைதான் வேறு, வேகமாகச் சுடும் அரைத் தானியங்கிகள் போய், ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துவிட வேண்டிய போல்ட் வகைகள் வந்துவிட்டன. 2025 டிசம்பர் 14இல் போண்டாய் கடற்கரையில் 15 பேர் கொல்லப்பட்டபோது, சுட்டவர்களில் ஒருவர் உரிமம் பெற்று ஆறு துப்பாக்கிகளைப் பதிவு செய்து வைத்திருந்தவர். சில நாளில் மீண்டும் ஒரு பைபேக் அறிவிக்கப்பட்டது.

நடைமுறை என்று பார்த்தால் பாடம் படிக்க வேண்டியது நியூசிலாந்திடம். 2019 மார்ச் 15இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள்; ஏப்ரல் 10இல் 119க்கு 1 என்ற வாக்கில் சட்டம் நிறைவேறியது. ஜூலை 13இல் முதல் ஒப்படைப்பு முகாம், அதே கிறைஸ்ட்சர்ச்சில். அன்று மட்டும் 169 பேர் 224 துப்பாக்கிகளையும் 217 உதிரிப் பாகங்களையும் கொடுத்து, மொத்தம் 4,33,682 நியூசிலாந்து டாலர் பெற்றார்கள்.

அங்கே விலை எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் அடிப்படை விலை போட்டுப் பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டார்கள். புதிது போல இருந்தால் அந்த விலையில் 95 விழுக்காடு, புழங்கியதற்கு 70, மோசமான நிலைக்கு 25. அடிப்படை விலை 2,000 டாலர் என்றால் 1,900, 1,400, 500 என்று மூன்று தொகைகள். மேகசின் என்ற தோட்டாப் பெட்டி போன்ற பாகங்களுக்கு 70 அல்லது 25 விழுக்காடு. உரிமையாளர் இணையத்தில் படிவம் நிரப்பி, முகாம் நாளைத் தேர்ந்து, குண்டு நீக்கிய துப்பாக்கியோடு உரிமத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கொண்டுவருவார். காவலர் முதலில் துப்பாக்கியின் தோட்டா அறை காலியா என்று திறந்து பார்ப்பார். மதிப்பீட்டாளர் மாடலைப் பட்டியலில் தேடி, குழலையும் கட்டையையும் பார்த்து நிலையைச் சொல்வார். உரிமையாளர் ஒப்புக்கொண்டால் கையெழுத்து. பணம் கணக்குக்குப் போகும். துப்பாக்கி அங்கேயே நீரழுத்த இயந்திரத்தின் வாய்க்குள் போகும். ஒரே விலைத் திட்டத்தில் குப்பை மட்டும் வருகிறது என்றால், நிலைக்கேற்ற விலைத் திட்டத்தில் நல்ல துப்பாக்கியும் வருகிறது. பெட்டிக்குள் பாதுகாத்து வைத்திருந்தவருக்கும் கையைக் கடிக்காது.

டிசம்பர் 20இல் முடியும்போது சுமார் 56,000 துப்பாக்கிகள், 1,88,000 பாகங்கள், நஷ்டஈடு 10 கோடி டாலருக்குச் சற்று மேல். பிந்தைய கணக்கில் துப்பாக்கிகள் 60,000ஐத் தாண்டின. வெற்றியா? மொத்தம் எத்தனை இருந்தன என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்! 1983ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நியூசிலாந்து நீளத் துப்பாக்கிகளைப் பதிவு செய்வதைக் கைவிட்டுவிட்டது. ஆளுக்கு உரிமம் உண்டு. அந்த ஆள் எத்தனை வைத்திருக்கிறார் என்பதற்கு ஏடு கிடையாது. ராணுவ பாணி அரைத் தானியங்கிகள் மட்டும் சுமார் 14,000 பதிவில் இருந்தன. புதிதாகத் தடைக்குள் வந்த மற்றவை அரசின் கண்ணில் படாதவை. திட்டத்துக்கு முன் அரசு கேபிஎம்ஜி என்ற தனியார் ஆலோசனை நிறுவனத்திடம் மதிப்பீடு கேட்டது. வந்த பதில்: 55,000 முதல் 2,40,000 வரை. அதாவது, வந்து சேர்ந்த 56,000 என்பது கீழ் எண்ணோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு நூறு. மேல் எண்ணோடு ஒப்பிட்டால் கால்பங்குகூட இல்லை. அரசு ஒன்றைப் பிடித்துக்கொண்டது, துப்பாக்கி உரிமையாளர் சங்கம் மற்றதைப் பிடித்துக்கொண்டது. இருவருமே பொய் சொல்லவில்லை. 2020இல் தலைமைத் தணிக்கையாளர், காவல் துறை முகாம்களை நன்றாக நடத்தியது என்று பாராட்டிவிட்டு, வெளியே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியாததால் திட்டம் எவ்வளவு பலன் தந்தது என்று சொல்ல முடியாது என்றார். நிர்வாகச் செலவு 1.8 கோடி டாலர் மதிப்பீட்டிலிருந்து ஏறத்தாழ இருமடங்கு ஏறியதையும் அவர் சுட்டினார்.

தரவுக் கசிவு இன்னொரு அடி. 2019 டிசம்பர் 2இல், ஒப்படைக்க விண்ணப்பித்திருந்தவர்களின் விவரங்களைக் கடைக்காரர் ஒருவர் தன் கணக்கிலிருந்தே பார்க்க முடிகிறது என்பது தெரியவந்தது. மென்பொருள் நிறுவனம் ஒரு மேம்படுத்தலில் செய்த பிழை. சுமார் 37,000 பேரின் பதிவுகள் அந்தத் தளத்தில் இருந்தன. துப்பாக்கி எந்த வீட்டில் இருக்கிறது என்ற பட்டியல் திருடனுக்கு எவ்வளவு பெறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முடிய மூன்றே வாரம் இருக்கும்போது தளத்தை மூடிக் கையால் படிவம் எழுத வேண்டியதாயிற்று. மூன்றாவது வகைச் சந்தேகத்தைப் பிரமை என்று ஒதுக்குவோர் இந்தத் தேதியை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இனி கனடா. நியூசிலாந்து ஒன்பது மாதத்தில் முடித்த வேலையை அங்கே ஆறாவது ஆண்டுக்குள் இழுத்துவந்திருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் 22 பேர் கொல்லப்பட்டார்கள். மே 1இல் அமைச்சரவை ஆணை மூலம் சுமார் 1,500 மாடல்கள் தடை செய்யப்பட்டன. 2024 டிசம்பர், 2025 மார்ச் ஆணைகளோடு பட்டியல் 2,500ஐத் தாண்டியது. திருப்பி வாங்கும் ஏற்பாடு மட்டும் தயாராகவில்லை. 2022 ஏப்ரலில் முடிய வேண்டிய பொதுமன்னிப்பு 2023 அக்டோபருக்கும், பிறகு 2025 அக்டோபருக்கும், பிறகு 2026 அக்டோபர் 30க்கும் தள்ளிப்போனது. சமுதாயத்துக்கு உடனடி ஆபத்து என்று சொல்லித் தடை செய்த பொருளை அவரவர் அலமாரியிலேயே பூட்டி வைக்கச் சொல்லி ஆறு ஆண்டு விட்டுவைத்தால், ஆபத்து என்ற சொல்லை யார் நம்புவார்கள்?

சுட்டவன் யார் என்பதிலும் ஒரு சிக்கல். நோவா ஸ்கோஷியா கொலைகாரனுக்கு உரிமமே கிடையாது. அவன் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து கடத்தி வந்தவை. டொரண்டோவில் குற்றச் சம்பவங்களில் பிடிபடும் கைத்துப்பாக்கிகளிலும் பெரும்பங்கு எல்லை தாண்டி வருபவை. உரிமம் பெற்ற வேட்டைக்காரனிடம் வாங்கினால் கடத்தல்காரனுக்கு என்ன நஷ்டம் என்று மேற்கு மாநிலங்கள் கேட்கின்றன. நியாயமான கேள்விதான். ஆனால் கியூபெக்கில் நின்று பார்த்தால் படம் வேறு. 1989 டிசம்பர் 6இல் மாண்ட்ரியல் பொறியியல் கல்லூரியில் 14 பெண்களைக் கொன்ற மினி-14 என்ற அரைத் தானியங்கி சட்டப்படி வாங்கியது. 2006இல் டாசன் கல்லூரியில் சுட்டவனின் அரைத் தானியங்கி பதிவு செய்யப்பட்டது. 2017இல் கியூபெக் நகர மசூதியில் ஆறு பேரைக் கொன்றவன் உரிமம் பெற்றவன். கியூபெக்கின் மனநிலை வேறு என்று அமைச்சர் சொன்னதை வெறும் வாக்கு வங்கிக் கணக்காக மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் இந்த மூன்று சம்பவங்களையும் மறந்துவிட்டார்கள்.

அடுத்து மாடல் பட்டியல். தடை, துப்பாக்கி இயங்கும் முறையைப் பார்த்து அல்லாமல் பெரும்பாலும் பெயரைப் பார்த்துப் போடப்பட்டது. வி.இசட் 58 தடை, எஸ்.கே.எஸ். தடையில்லை. இரண்டும் 7.62×39 தோட்டாவைச் சுடும் அரைத் தானியங்கிகள். பூர்வகுடி வேட்டைக்காரர்கள் பலர் எஸ்.கே.எஸ். வைத்திருப்பதால், 2022இல் அதைச் சேர்க்க வந்த திருத்தம் 2023 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. ஒன்றைக் கொடுத்துப் பணம் வாங்கி அதே பணத்தில் மற்றதை வாங்கலாம். சட்டத்தின் ஐந்து தோட்டா வரம்பு காக்கிறது என்பார்கள். அந்த வரம்பு பல மேகசின்களில் ஒரே ஒரு ரிவெட்டை நம்பி நிற்கிறது. இந்த இடத்தில் மட்டும் துப்பாக்கி உரிமையாளர்களும், கடுமையான கட்டுப்பாடு கோரும் மாண்ட்ரியல் குடும்பங்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். 2021இல் நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலர் நஷ்டஈட்டை 4.7 கோடி முதல் 75.6 கோடி டாலர் வரை என்று மதிப்பிட்டார். இவ்வளவு அகலமான இடைவெளிக்குக் காரணமும் நியூசிலாந்துக் கதைதான்: ஏடு இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான நீளத் துப்பாக்கிப் பதிவேட்டுக்கு நிகரச் செலவு 20 லட்சம் டாலர்தான் என்று சொல்லித் தொடங்கி, 2002இல் தணிக்கையாளர் பார்த்தபோது அது நூறு கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 2012இல் ஸ்டீபன் ஹார்ப்பர் அரசு பதிவேட்டை ஒழித்துத் தரவையும் அழித்தது. ஏ.ஆர்-15 போன்ற அரைத் தானியங்கிகள் கட்டுப்படுத்தப்பட்ட வகை என்பதால் அவற்றுக்கு மட்டும் பதிவு தொடர்ந்தது. தனி மாநிலப் பதிவேடு வைத்திருக்கும் கியூபெக்கைத் தவிர, மற்றவை யாரிடம் எத்தனை என்று உரிமையாளர் வாய் திறந்தால்தான் தெரியும். தனிநபர்களுக்கு இப்போது ஒதுக்கியிருப்பது 24.86 கோடி டாலர், எதிர்பார்ப்பு 1,36,000 துப்பாக்கிகள். வகுத்தால் ஒன்றுக்கு 1,828 டாலர் வருகிறது. எதிர்பார்ப்பைவிட அதிகம் வந்தால்? முதலில் வந்தவருக்கு முன்னுரிமை என்றிருக்கிறது. கட்டாயமாகக் கைவிட வேண்டிய பொருளுக்கு, வரிசையில் முந்தியவருக்குத்தான் விலை என்பது நியூசிலாந்தில் இல்லாத விதி.

நடத்துவது யார் என்பதே இன்னும் இழுபறி. ஆல்பர்ட்டாவும் சஸ்காச்சவனும் துப்பாக்கி சேகரிக்க வரும் முகவர்களுக்கு மாநில உரிமம் வேண்டும் என்று தனிச்சட்டம் போட்டுவிட்டன. ஒன்டாரியோ மாநிலக் காவல் துறை விலகிக்கொண்டது. தபால் துறை, ஊழியர் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பொட்டலம் வாங்க மறுத்தது. கியூபெக் மட்டும் 1.24 கோடி டாலர் பெற்றுக்கொண்டு ஒத்துழைக்கிறது. கடைக்காரர்களிடமிருந்து வாங்கும் கட்டம் சிக்கலின்றி முடிந்து 12,195 துப்பாக்கிகள் வந்தன. விற்க முடியாத சரக்கு கிடங்கில் தேங்கிக் கிடந்தவருக்கு அது லாபமே. அதன்பின் 2025 இலையுதிர் காலத்தில் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டனில் தனிநபர் முன்னோட்டம். எதிர்பார்த்தது 200 துப்பாக்கிகள். ஆறு வாரத்தில் வந்தவை 16 பேரிடமிருந்து 25. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

அந்த 25 என்பதை மக்களின் மறுப்பு என்று எடுத்துக்கொள்வதில் அவசரம் இருக்கிறது. கெடுவுக்கு இன்னும் ஓராண்டு இருக்கும்போது, ஆட்சி மாறினால் திட்டமே போய்விடலாம் என்ற பேச்சு அடிபடும்போது, முதல் ஆளாய் எதற்குக் கொடுக்க வேண்டும்? காத்திருப்பதால் உரிமையாளருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அறிவித்துவிட்டால் பெயர் பட்டியலில் ஏறிவிடும். நியூசிலாந்திலும் கடைசி நாட்களில்தான் கூட்டம் அலைமோதியது. நாடு முழுவதற்குமான அறிவித்தல் காலத்தை 2026 ஜனவரி 19 முதல் மார்ச் 31 வரை என்று வைத்தார்கள். அதைத் தவறவிட்டவருக்கு மீதமுள்ள வழிகள்: சொந்தச் செலவில் செயலிழக்கச் செய்வது, வெளிநாட்டுக்கு விற்பது, பணம் வாங்காமல் காவல் நிலையத்தில் கொடுப்பது. மூன்றையும் செய்யாமல் அக்டோபர் 30ஐத் தாண்டினால் சட்டப்படி குற்றவாளி. ஆனால் பதிவேடு இல்லாத வகைத் துப்பாக்கி என்றால் அவர் குற்றவாளி என்பது அரசுக்கு எப்படித் தெரியும், அமல்படுத்தமாட்டோம் என்று சொல்லிவிட்ட மாநிலத்தில் யார் போய்த் தட்டுவார்கள் என்ற இரண்டுக்கும் ஆணையில் பதில் இல்லை.

நியூசிலாந்து பின்யோசனையாக 2023 ஜூனில் முழுப் பதிவேட்டைத் தொடங்கி உரிமையாளர்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தது. 2019இல் எத்தனை விட்டுப்போயின என்பதற்கு அங்கே 2028க்குப் பிறகாவது ஓரளவு விடை கிடைக்கும். கனடாவில் 2022 மே முதல், விற்ற விவரத்தை அந்தந்தக் கடையே 20 ஆண்டு ஏட்டில் வைத்திருக்க வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிட்டது. அதற்கு முன் விற்றவற்றை அந்த ஏடு காட்டாது.